எந்த நாடுங்க?

எங்கள் ஆஸ்பத்திரியில் பிரிண்டரில் பேப்பர் சிக்கினால்கூட அதற்குப் பழியேற்க ஒரு மனிதர் இருந்தார். சிக்கிய பேப்பரை வெளியே இழுத்துக்கொண்டே, வரிசையில் நிற்கும் முன்பின் தெரியாத கிழவரைப் பார்த்து, "என்னாலதானுங்க, சித்தெ பொறுத்துக்கங்க" என்பார். கிழவருக்கு என்ன புரியும்? ஏதோ பெரிய ஆபீசர் தன்னிடம் மன்னிப்புக் கேட்கிறார் என்று பதறிப்போய், "அதெல்லாம் பரவால்லீங்க சாமி" என்று கும்பிடுவார். இவரும் பதிலுக்குக் கும்பிடுவார். இரண்டு பேரும் மாறி மாறிக் கும்பிட்டுக்கொண்டிருக்க, பிரிண்டர் தன் பாட்டுக்கு அடுத்த பேப்பரைச் சிக்க வைத்துக்கொண்டிருக்கும்.

சிஸ்டம் சார் என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிட்டோம். அவருக்கென்று பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதை யாரும் உபயோகித்து நான் கேட்டதில்லை.

கொல்லிமலையில் ஒரு டிரஸ்ட் நடத்துகிற சின்ன ஆஸ்பத்திரி எங்களுடையது. நான் அங்கே லேப் டெக்னீசியன். ரத்தம் எடுப்பது, சளி பார்ப்பது, சர்க்கரை பார்ப்பது என் வேலை. என் ஜன்னலுக்கு நேர் எதிரே பதிவுக் கவுண்டர் இருப்பதால் யார் வருகிறார், யார் போகிறார், யார் யாரிடம் எரிந்து விழுகிறார் எல்லாம் எனக்குத் தெரியும். எரிந்து விழுகிறவர்களில் பெரும்பாலும் நானே முதல் ஆளாக இருப்பேன். எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி.

கீழே, ஊர் உலகத்தில், சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் என்றால் ஏசி ரூமில் உட்கார்ந்திருப்பார்கள் என்று சொல்கிறார்கள். இவருக்குக் கிடைத்தது எக்ஸ்ரே அறைக்கும் ஸ்டோருக்கும் நடுவில் ஒரு சந்து. பேளுக்குறிச்சியிலிருந்து தினமும் முதல் பஸ் பிடித்து, கொண்டை ஊசி வளைவெல்லாம் சுற்றி ஏறி வருவார். வந்ததும் பையை வைத்துவிட்டு நேராக எக்ஸ்ரே கம்ப்யூட்டரிடம் போவார். அது ரொம்பப் பழசு. எக்ஸ்ரே மெஷினின் சாஃப்ட்வேர் அந்தப் பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில்தான் ஓடும். பில் போடுகிற சாஃப்ட்வேரோ புதியதில்தான் ஓடும். ஒன்றோடு ஒன்று முகம் கொடுத்துப் பேசாது. நடுவில் இவர் ஒரு பென் டிரைவை வைத்துக்கொண்டு, சண்டை போட்ட பங்காளிகளுக்குள் தூது போகிறவர் மாதிரி இங்கும் அங்கும் நடந்துகொண்டிருப்பார்.

அந்தப் பழைய மெஷினுக்கு இன்னொரு வியாதியும் இருந்தது. கரண்ட் போய் வந்தால் தேதி மறந்துவிடும். எங்கேயோ பின்னால், நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்துக்குப் போய் நின்றுகொள்ளும். தினமும் காலையில் அதற்கு இன்றைய தேதியைச் சொல்லிக் கொடுப்பதுதான் அவருடைய முதல் வேலை. ஒருநாள் மகளுக்குக் காது குத்து என்று லீவு போட்டார். அன்றைக்கு எடுத்த எக்ஸ்ரே எல்லாவற்றிலும் பழைய வருஷம். சறுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டு வந்த ஒருவனுக்கு, அவன் விழுவதற்குப் பல வருஷம் முன்பே ஒடிந்த கால் படம் கையில் கிடைத்தது. நாங்கள் சிரித்தோம். மறுநாள் அவர் அந்த ஆளின் ஊருக்கே போய் வேறு படம் கொடுத்துவிட்டு வந்தார்.

"நீங்கதான் லீவுல இருந்தீங்களே சார், உங்க மேல என்ன தப்பு?" என்று கேட்டேன்.

"லீவு போட்டது என்னாலதானுங்களே அம்மணி" என்றார்.

இப்படி ஒரு மனுஷனை என்ன செய்வது? முதலில் எனக்கு இது நல்லவர் வேஷம் என்றுதான் பட்டது. தானாகப் போய்ப் பழியை எடுத்துக்கொண்டால் யாரும் திட்ட மாட்டார்கள் என்கிற சாமர்த்தியம் என்று நினைத்தேன். ஒரு மழைநாளில் நெட் போய்விட்டது. வேண்டுமென்றே சீண்டினேன். "மழையும் உங்களாலதானுங்களா சார்?"

அவர் யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "மழை என்னால இல்லீங்க. மழை வந்தா அந்த சில்வர் ஓக் மரம் ஆடும்னு தெரிஞ்சும் கேபிளை அதுல கட்டுனது என்னாலதானுங்க."

உண்மையில் அவர் மெஷின்களின் மேல் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. கோபப்பட எவ்வளவோ இருந்தது. கூட்டம் அலைமோதுகிற திங்கட்கிழமை காலையில்தான் கம்ப்யூட்டர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ள ஆரம்பிக்கும். திரை நீலமாகி, நடுவில் ஒரு வட்டம் சுற்றும். அணைக்காதீர்கள் என்று எழுத்து வரும். கைக்குழந்தைக்காரிகள், இருமுகிறவர்கள், கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் எல்லோரும் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். டாக்டரம்மா உள்ளேயிருந்து கத்துவார். சிஸ்டம் சார் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அந்தத் திரை முன்னால் நின்றுகொள்வார். நிற்பதால் எதுவும் ஆகப்போவதில்லை என்று எல்லோரையும்விட அவருக்குத்தான் தெரியும். ஆனாலும் அது முடிகிறவரைக்கும் ஜனங்களோடு ஜனமாக நிற்பார்.

ஒரே ஒரு தடவை என்மேல் கோபித்துக்கொண்டார். யாரோ ஒரு அம்மா ரிப்போர்ட் கேட்டு வந்தபோது, எனக்கு இருந்த எரிச்சலில், "சர்வர் டவுனுங்க, நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கிவிட்டார். இவர் சந்திலிருந்து ஓடிவந்து அவரைத் திரும்பக் கூட்டி வந்து பெஞ்சில் உட்கார வைத்தார். அப்புறம் என் ஜன்னலுக்கு வந்தார்.

"அம்மணி, சர்வர் கீழ நல்லாத்தான் இருக்குதுங்க. நம்ம லைன்தான் போயிருச்சு. லைன் பாக்கற ஆளு நானு. அப்படிச் சொல்லுங்க."

"ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

"ஒண்ணில்லீங்க. சர்வர்னு சொன்னா அந்தம்மா யார் மேல கோவிச்சுக்கும்? அத்தனை தூரம் நடந்து வந்திருக்குது. கோவிச்சுக்கறதுக்கு ஒரு ஆளு வேணுமில்லீங்களா?"

இதைச் சொல்லிவிட்டு, குரலை உயர்த்தியதற்காக என்னிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எங்கள் கவுண்டரில் சர்வர் என்ற வார்த்தையை யாரும் எடுக்கவில்லை. இது வேஷமில்லையோ என்ற சந்தேகமும் எனக்கு அன்றைக்குத்தான் வந்தது.

அவர் எங்களுக்கு ஒரு பெரிய உபகாரமும் செய்தார். பதிவுக் கவுண்டரில் திரை முழுக்க இங்கிலீஷாக இருந்தது. கவுண்டரில் உட்காருகிற பெண் ஆலத்தூர் நாட்டுப் பிள்ளை. ப்ளஸ் டூ முடித்துவிட்டு வந்தவள். ஒவ்வொரு கட்டத்துக்கும் என்ன கேட்க வேண்டும் என்று தெரியாமல் முழித்து, திட்டு வாங்கி, பாத்ரூமில் போய் அழுவாள். அதைப் பார்த்துவிட்டு இவரே உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டத்தின் பேரையும் தமிழில் மாற்றினார். பெயர், வயது, தகப்பனார் பெயர், ஊர், நாடு, நோய். எல்லாம் அழகாகத் தமிழில் வந்து நின்றது. அந்தப் பெண் அன்றைக்கு எல்லோருக்கும் தேன்மிட்டாய் வாங்கிக் கொடுத்தாள். நானும் தின்றேன்.

முன்பு இங்கிலீஷில் இருந்தபோது நாடு என்கிற கட்டத்தில் இந்தியா என்று தானாகவே விழுந்திருக்கும். யாரும் அதைத் தொட மாட்டார்கள். தமிழுக்கு மாறியதும் அந்தக் கட்டம் காலியாக வர ஆரம்பித்தது. காலியாக இருந்தால் நிரப்ப வேண்டும், நிரப்ப வேண்டுமென்றால் கேட்க வேண்டும். அந்தப் பிள்ளை கேட்டாள். "எந்த நாடுங்க?"

எங்கள் மலையில் இந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான். நாலைந்து பட்டி சேர்ந்தால் அது ஒரு நாடு. நான் குண்டூர் நாடு. பக்கத்தில் ஆலத்தூர் நாடு. இப்படி மலை முழுக்க நாடுகள். பெண் கட்டிக் கொடுத்தால், "வேற நாட்டுல குடுத்திருக்குது" என்போம். அது ஒரு மேடு ஏறி இறங்கினால் வந்துவிடும். ஆகவே கேட்டவளுக்கும் சந்தேகமில்லை, பதில் சொன்னவர்களுக்கும் சந்தேகமில்லை. குண்டூர் நாடுங்க என்றார்கள், ஆலத்தூர் நாடுங்க என்றார்கள். அவள் அப்படியே டைப் செய்தாள். எழுத்துப் பிழைகூட இல்லை.

மிளகு பறிக்கிற சீசனில் என் அம்மாவுக்குக் கண்ணில் அடிபட்டது. கொடி ஏறியிருந்த மரத்தில் மேலேயிருந்து கிளை வெட்டிப் போட்டார்கள். ஒரு சிம்புக் குச்சி தெறித்து வலது கண்ணில் அடித்தது. ரத்தம் வரவில்லை என்பதால் அம்மா யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, "ஒரு பக்கமா திரை உழுந்த மாதிரி இருக்குது கண்ணு" என்றார். எங்கள் டாக்டரம்மா பார்த்துவிட்டு, உள்ளே விழித்திரை பிரிகிறது, சேலத்துக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்ய வேண்டும், நாள் கடத்தக் கூடாது என்றார். காப்பீட்டு அட்டை இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கம்ப்யூட்டரில் கோரிக்கை போனால் கீழேயிருந்து ஒப்புதல் வரும். வந்ததும் கிளம்ப வேண்டியதுதான். கீழிருந்து கட்டட வேலைக்கு மலையேறி வந்து கையை ஒடித்துக்கொண்ட ஆட்களுக்கெல்லாம் மறுநாளே வந்திருக்கிறது.

அம்மாவுக்கு வரவில்லை.

நான் தினமும் சிஸ்டம் சாரின் சந்துக்குப் போய் நின்றேன். அவர் திறந்து பார்ப்பார். அனுப்பப்பட்டது என்று பச்சையில் இருக்கும். கீழே போன் போடுவார். பேரைக்கூடக் கேட்காமல், வரிசையில் இருக்கிறது என்பார்கள். "நான்தான் ஏதோ சரியா அனுப்பலீங்களாட்டம் இருக்குது, என்னாலதானுங்க" என்று சொல்லி மறுபடியும் அனுப்பினார். அதுவும் பச்சையில் போனது. வீட்டுக்குப் போய் நான் அம்மாவிடம் நாளைக்கு வந்துரும் என்றேன். அடுத்த நாளும் அதையே சொன்னேன். யாரிடமாவது கைமாற்று வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாமா என்று தோன்றும்போதெல்லாம், பச்சை எழுத்து ஞாபகம் வரும். பச்சையில் இருப்பது பொய் சொல்லாது என்று எனக்கு யார் சொன்னது என்று தெரியவில்லை. ஒரு வாரம் தாண்டிவிட்டது. அம்மாவின் திரை இன்னும் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் டிரஸ்ட் ஆபீசிலிருந்து போன் வந்தது. கவுண்டர் பிள்ளை கையில் வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். அந்தப் பக்கம் இருந்தவர் குஷியாக இருந்தார்.

"ஏம்மா, உங்க ஆஸ்பத்திரிக்கு இத்தனை வெளிநாட்டுக்காரங்க வர்றாங்களா? ரிப்போர்ட்ல பாத்து அசந்துட்டோம். அருவி பாக்க வர்ற டூரிஸ்டுங்களா?"

"வெளிநாட்டுக்காரங்களா? இங்க யாருங்க வாராங்க?" என்றாள் அவள்.

"இருக்கே. அது என்ன ஊரும்மா, குண்டூர்நாடு? ஆப்பிரிக்கா பக்கமா?"

லேப், மருந்துக் கவுண்டர், வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தோம். நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அய்யய்யோ, நான் இத்தனை நாளா பாஸ்போர்ட் இல்லாமயே வேலைக்கு வந்துட்டு இருக்கறேன்" என்று கத்தினேன். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. என் குரல்தான் அதில் எல்லாவற்றையும்விட ஓங்கியிருந்தது.

சிஸ்டம் சார் சிரிக்கவில்லை. ஸ்டூலில் ஏறி எதையோ மாட்டிக்கொண்டிருந்தவர் இறங்கி வந்து, கவுண்டர் பிள்ளையை எழுந்திருக்கச் சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்தார். வெளிநாட்டு நோயாளிகள் என்று ஒரு பகுதி அந்த சாஃப்ட்வேரில் இருந்திருக்கிறது. எந்தக் காலத்திலும் வெளிநாட்டுக்காரர் யாரும் வராததால் யாரும் திறந்து பார்த்ததில்லை. சமீபத்தில் ஒரு அப்டேட் வந்ததிலிருந்து, நாடு என்ற கட்டத்தில் இந்தியா என்று இல்லாதவர்களை எல்லாம் அது அங்கே தள்ளிவிட்டிருக்கிறது. வெளிநாட்டுக்காரர்களுக்கு அரசுக் காப்பீடு கிடையாது. அதனால் அங்கேயிருந்து எதுவும் கீழே போகவில்லை. திறந்ததும் எங்கள் மலை முழுக்க அங்கே உட்கார்ந்திருந்தது. கீழிருந்து வேலைக்கு வந்து இந்தியா என்று சொன்னவர்கள் மட்டும் அதில் இல்லை. அவர் இரண்டு தடவை அனுப்பியதால் என் அம்மாவின் பேர் இரண்டு இடத்தில் இருந்தது.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அம்மணி, ஊட்டுக்குப் போயி அம்மாவைக் கூட்டீட்டு வாங்க. இப்பவே" என்றார். அதுவரை எனக்கு எதுவும் புரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்துத்தான் ஓடினேன்.

ஒப்புதல் அன்றைக்குச் சாயங்காலமே வந்துவிட்டது. சரியான இடத்துக்குப் போனால் அவ்வளவுதான் அதற்கு நேரம். ஆஸ்பத்திரி வண்டியில் அவரும் கூட ஏறிக்கொண்டார். அடிவாரத்துக் காரவள்ளி வரைக்கும் வளைவுக்கு வளைவு அம்மாவின் தலை ஆடாமல் இருக்கத் தன் பையை அணைத்துக் கொடுத்தார். சேலத்தில் ஆபரேஷன் செய்தார்கள். செய்த டாக்டர், ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் பார்வை நின்றிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அம்மாவின் வலது கண் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கு ஒன்றும் தெரியாது.

அப்புறம் விசாரணை நடந்தது. சாஃப்ட்வேர் செய்தவர்கள், அந்த வார்த்தையை நாங்கள் போடவில்லை என்றார்கள். டிரஸ்ட்காரர்கள் தொழில்நுட்பக் கோளாறு என்று எழுதி முடித்துவிடப் பார்த்தார்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாத ஒரே ஆள் இவர்தான். கோளாறு என்ற வார்த்தையை எடுத்துவிட்டுத் தன் பேரைப் போடச் சொல்லி மேனேஜரிடம் மல்லுக்கு நின்றார். மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். "ஏனுங்க, உங்க பேரைப் போட்டா வேலைதான் போகும். பொழைக்கத் தெரியாத ஆளா இருக்கறீங்களே." கடைசியில் கோளாறுதான் ஜெயித்தது. அழுதுகொண்டிருந்த கவுண்டர் பிள்ளையிடம் மட்டும், "நீ கேட்டது சரிதான் கண்ணு, கேள்வியை எழுதுனவன்தான் தப்பு" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. திரையிலிருந்து அந்தக் கட்டத்தையே எடுத்துவிட்டார்.

பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை, ஞாயிற்றுக்கிழமைகளில், அதற்கென்றே பஸ் ஏறி வருவார். முதல் தடவை வந்தபோது வாசலில் நின்றபடியே அம்மாவிடம் சொன்னார்.

"எங்கப்பாவுக்குப் பேளுக்குறிச்சிச் சந்தையில மிளகு, சீரகக் கடைங்க. மலையில இருந்து மூட்டை இறங்குனா எங்கப்பா மொதல்ல கேக்கறதே 'எந்த நாட்டு மிளகுங்க?'ன்னுதான். நான் டவுசர் போட்ட காலத்துல இருந்து கேட்ட வார்த்தைங்க அது. தெரியாம இருந்திருந்தா வேற. எனக்குத் தெரியுமுங்க. திரை முன்னால உக்காந்ததும் மறந்துபோச்சுங்க."

அம்மா என்ன சொல்வார்? "மிஷினு பண்ணுனதுக்கு நீங்க என்னங்க பண்ணுவீங்க, உள்ள வாங்க" என்றார். நானும் அதையே சொன்னேன். "உங்க மேல தப்பே இல்லீங்க சார்." அவர் முகம் இன்னும் சுருங்கிப்போயிற்று. ஆறுதல் சொன்னால் ஒருவர் முகம் ஏன் இப்படிப் போகிறது என்று அப்போது எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

ஒரு கண் போனால் தூரம் கிட்டம் தெரியாது. அம்மா சொம்பிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றுவார். தண்ணீர் டம்ளருக்கு இப்பால் தரையில் விழும். வீட்டில் எங்களுக்கு அது பழகிவிட்டது. அவர் முன்னால் அப்படி நடந்த முதல் தடவை, அடி வாங்கினவர் மாதிரி எழுந்து நின்றுவிட்டார். "என்னாலதானுங்க" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். ஒவ்வொரு தடவையும் இதே கதைதான். அம்மாவின் போனில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுப்பார், வந்த செய்தியைப் போனே படித்துச் சொல்வதுபோல வைத்துக் கொடுப்பார், சந்தையிலிருந்து ஏதாவது கொண்டு வந்து வைப்பார். சாப்பிடச் சொன்னால் மட்டும் எழுந்துவிடுவார். அப்போதெல்லாம் எங்கள் வீட்டில் அவர் ஒரு வாய் சோறு உண்டதில்லை.

அவர் போன பிறகு அம்மா ஒருநாள் சொன்னார். "இந்த மனுசன் வந்துட்டுப் போனா, என்னமோ நாந்தான் அவருக்குக் கெடுதல் பண்ணீட்ட மாதிரி இருக்குது கண்ணு." எனக்கும் அப்படித்தான் இருந்தது. தூரத்தில் அவர் வருவது தெரிந்தால், துணி எடுக்கப் போகிற மாதிரிப் பின்பக்கம் போய்விடுவேன். ஆஸ்பத்திரியிலும் அவர் சந்துப் பக்கம் போவதைக் குறைத்தேன். என் கம்ப்யூட்டர் நின்றுவிட்டால்கூட அவரைக் கூப்பிடாமல் நானே அணைத்து அணைத்துப் போட்டுப் பார்ப்பேன்.

இப்போது அவர் மலையில் இல்லை. கீழே ஒரு காலேஜில் வேலை கிடைத்து இறங்கிவிட்டார். இப்போது இருக்கிறவர் சின்ன வயசு, கெட்டிக்காரர். எது நின்றாலும் சர்வர் டவுன் என்று சொல்லிவிட்டு டீக்குப் போகிறார். அவரை நான் ஏன் குறை சொல்ல வேண்டும்? நானும்தான் ஜன்னல் வழியாக இப்போது அதையே சொல்கிறேன். அந்த நேரத்தில் எதிரே நிற்கிறவரின் முகத்தைப் பார்க்க மாட்டேன்.

வேலையை விட்டுப் போகுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொண்டு போக வந்தார். அன்றைக்கு என்னால் பின்பக்கம் ஓட முடியவில்லை. அம்மா அடுப்பில் மொச்சைக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார். சாமைச் சோறு வடித்து வைத்திருந்தது. அவர் வழக்கம்போல் சுவரை ஒட்டி உட்கார்ந்தார். காலேஜ் பற்றி நான் ஏதோ கேட்டேன், அவர் ஏதோ சொன்னார். கிளம்புகிற நேரத்தில், எதிர்பார்த்தபடியே ஆரம்பித்தார். "அம்மா, அன்னைக்கு என்னாலதானுங்க..."

அதை எடுத்தவுடனே, மெஷின் செய்ததற்கு நீங்கள் என்ன செய்வீர்கள் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அம்மா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். அடுப்பைத் தணித்துவிட்டு வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"அந்த வார்த்தையை அதுல எழுதுனது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க."

"எங்காளுக சந்தையில நாடு சொல்லி மிளகு விக்கறதைக் கேட்டிருக்கறீங்க."

"கேட்டிருக்கறேனுங்க."

"கேட்டிருந்தும் மறந்துட்டீங்க."

"மறந்துட்டேனுங்க."

"அப்ப உங்களாலதான் சாமி."

"அம்மா" என்றேன். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

"நீ சும்மா இரு கண்ணு. இந்தக் கண்ணு போனது உங்களாலதானுங்க. எனக்குக் கோவம் இருக்குது. இல்லாம எப்படி இருக்கும்? மிஷினு மேல எப்படிக் கோவிச்சுக்கறதுன்னு எனக்குத் தெரியில. இத்தனை நாளா யார் மேலயும் கோவிச்சுக்காமயே இருந்து பாத்துட்டேன், முடியில."

அவர் தலையைக் குனிந்தபடி, "சரிங்க" என்றார். மறுபடியும், "சரிங்கம்மா" என்றார். குரல் மாறியிருந்தது. அழுகிறாரோ என்று நினைத்தேன். ஆனால் நிமிர்ந்தபோது, இவ்வளவு வருஷத்தில் நான் பார்க்காத ஒரு முகம் இருந்தது. பஸ்ஸில் இத்தனை நேரம் மடியில் வைத்திருந்த மூட்டையை யாரோ வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தார். என் அம்மாவுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது. நான் அத்தனை நாளும் அவரிடம் சொன்னது ஆறுதல் இல்லை. உள்ளே நானும் அவர்மேல் கோபமாகத்தான் இருந்தேன். அதை அவருக்குக் கொடுக்காமல், தப்பே இல்லை தப்பே இல்லை என்று சொல்லிச் சொல்லி வாசலிலேயே நிற்க வைத்திருந்தேன்.

"சோறு ஆறுது. உண்டுட்டுப் போங்க" என்றார் அம்மா.

அவர் எழுந்துவிடுவார் என்று பார்த்தேன். எழவில்லை. சம்மணம் போட்டு நன்றாக உட்கார்ந்தார். நான் தட்டு வைத்துச் சோறு போட்டேன். அம்மா குழம்புச் சட்டியைக் கொண்டுவந்து, கரண்டி நிறைய எடுத்து ஊற்றப் போனார். கரண்டி தட்டுக்கு இப்பால், வெறும் தரைக்கு மேலே வந்து சாய்ந்தது. அவர் தட்டை நகர்த்திக் குழம்புக்குக் கீழே வைத்தார்.